புகை சாயும் திசை

போகி. விடிகாலை ஐந்தே கால்.
பம்மலில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால்
எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரியவில்லை.
கீழே பழைய பாயும் ஸ்கூட்டர் டயரும் எரிக்கிறார்கள்
முதல் மாடி வேதகிரி வீட்டுப் பிள்ளைகள்.
மேலே, கண்ணுக்கு எட்டாத எங்கோ,
இறங்க வழியில்லாமல் வட்டமடிக்கிறது ஒரு ஏர்பஸ்.
நூற்றெண்பது பேர், மூடி திறக்காத உப்புமா.
அதற்கென்ன, பெங்களூர் இருக்கிறது.

எனக்கு இருந்ததில்லை பெங்களூர்.

நான் ஓட்டியது ஒற்றை எஞ்சின்.
பப்புவா நியூ கினி மலைக்குள் ஓமெபி என்று ஓர் ஓடுதளம்:
நானூற்றைம்பது மீட்டர்,
பல்லாவரம் பாலத்தில் பாதிகூட வராது.
புல்தரை. சில நாள் பன்றிகள்.
மேட்டைப் பார்த்து இறங்க வேண்டும்,
பள்ளத்தைப் பார்த்து ஏற வேண்டும்.
மேட்டின் முடிவில் மலை, சுவர் மாதிரி.
கடைசி வளைவில் ஒரு வெள்ளைப் பாறை,
அதைத் தாண்டிவிட்டால் இறங்கித்தான் ஆக வேண்டும்.

'ஏம்மா, பெரிய ப்ளேன்ல வேலை கெடைக்கலையா?'
என்று கேட்டார் வேதகிரியின் மனைவி.
கிடைத்தது, போகவில்லை
என்பதை மாடிப்படியில் வைத்து எப்படிச் சொல்ல.

தகரக் கூரை ஏற்றியிருக்கிறேன். சோப்பு, கோழிக்குஞ்சு,
ஒருமுறை தேவாலய மணி.
(நாக்கைத் துணியால் கட்டியும்
குலுங்கும்போதெல்லாம் முனகிக்கொண்டே வந்தது.)
ஓமெபியில் காற்றுப்பை கிடையாது.
எஞ்சின் சத்தம் கேட்டதும் தெலேமா
ஈரப்புல்லைக் குவித்துத் தீ வைப்பான்.
புகை என்னைப் பார்த்துச் சாய்ந்தால், வா.
மலையைப் பார்த்துச் சாய்ந்தால், வராதே.
எங்களுக்குள் இருந்த மொழி அவ்வளவுதான்.

ஆகஸ்டில் ஒரு நாள்
எரிபொருள் பீப்பாய் வர நேரமாகி, நானும் நேரமாகி,
பத்தே முக்காலுக்குப் பள்ளத்தாக்கில் நுழைந்தேன்.
ஏற்றிவர வேண்டியது ஒரு குழந்தை. மூச்சுத் திணறல்.
புகை மலையைப் பார்த்துச் சாய்ந்திருந்தது,
தலைவாரியதுபோல், சந்தேகத்துக்கு இடமில்லாமல்.
பாறைக்கு இன்னும் இருபது நொடி.
இடப்பக்கம் சரித்துத் திருப்பினேன்.
இறக்கைக்குக் கீழே தெலேமா
மேலும் மேலும் புல்லை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான்,
புகை கூடினால்
திசை மாறும் என்பதுபோல்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு இறங்கினேன்.
வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது.
தெலேமா மூட்டைகளை எண்ணி வாங்கினான்.
பட்டியலில் 'திரும்பும் பயணி: ஒன்று' என்ற வரியை
ஸ்கேல் வைத்ததுபோல் நேராக அடித்தான்.
கீழே கையெழுத்துப் போட்டான்.
குழந்தையின் பெயர் அதில் இல்லை,
நானும் கேட்கவில்லை.

விசாரணை அறிக்கை ஒரே பக்கம்: சரியான முடிவு.
மூன்று மாத விடுப்பு. இது ஐந்தாவது மாதம்.
கத்திப்பாராவில் தவறான வளைவில் ஏறிவிட்டால்
சுற்றிக்கொண்டு மறுபடி வருகிறேன்.
எங்கே தவறவிட்டாலும்
அடுத்த யூ-டர்ன் காத்திருக்கிற ஊர் இது.
இரண்டு தடவை வேண்டுமென்றே தவறவிட்டேன்.

ஏர்பஸ் சத்தம் மேற்கே தேய்கிறது.
கீழே சின்னவன் இன்னொரு பாயை இழுத்து வருகிறான்.
'போதும்டா யஷ்வந்த்' என்கிறேன்.
அவன் காதில் பறைச் சத்தம்தான் விழுகிறது.
பாய் விழுந்ததும்
புகை எழுந்து, மூன்றாம் மாடிவரை நிமிர்ந்து நின்று,
மெல்ல என்னைப் பார்த்துச் சாய்கிறது.

கண் எரிகிறது. நகரவில்லை நான்.
மணி ஐந்தே முக்கால்.
அங்கே பத்தே கால்.
காற்று மாறியிருக்கும்.